இடப்பக்கத்து பிரேக்

காலையில் கழிவறைத் தாழ்ப்பாள் விழும் ஓசையை வைத்தே அன்றைக்கு என்ன சமையல் என்று கோகிலவாணி முடிவு செய்துவிடுவாள். தாழ்ப்பாள் நிதானமாக விழுந்தால் இட்லி, மதியத்துக்கு மிளகு ரசம். டக்கென்று விழுந்தால் குழைந்த சாதம், உப்புப் போட்ட நீர்மோர். தாழ்ப்பாளே விழாமல் கதவு மட்டும் மோதிக்கொண்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரி. ஒன்பது வருஷமாக அவள் கற்றுவைத்திருந்த பாஷை அது. வேறு யாருக்கும் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் சிட்டிபாபுவுக்கே தெரியாது.

பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டிய தெருவில் அவளுக்கு மாவுக்கார கோகிலா என்று பெயர். வாசல் அறையில் இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ். சாயங்காலமானால் வேலைவிட்டு வருகிறவர்கள் வண்டியை அணைக்காமல் கையை மட்டும் நீட்டி மாவுப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். "கோகிலாக்கா மாவுன்னா தோசை தானா திரும்பிக்கும்" என்று புகழ்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். அந்தப் புகழ் அவளுக்குப் பெரிதில்லை. அவளுடைய பெருமை வேறொரு இடத்தில் இருந்தது. சிட்டிபாபுவின் குடலில். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

சிட்டிபாபுவின் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு நெல் விளைந்தது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி விளைந்திருக்கிறது. மிஞ்சிய மனையில் வீடு கட்டி, தாயார் கங்கையம்மாள் பெயரிலேயே 'கங்கை டிரைவிங் ஸ்கூல்' நடத்துகிறான் சிட்டிபாபு. ஒரே ஒரு வெள்ளைக் கார். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் இடப்பக்கத்து முன்சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் பிடிக்கிறவர் தடுமாறினால் இவன் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்துவான். பாதிப் பெருங்களத்தூர் அவன் காலை நம்பித்தான் வண்டி ஓட்டப் பழகியது.

அப்படிப்பட்டவனுக்கு வயிறு பிரேக் இல்லாமல் போனது. ரத்தமும் சளியுமாகப் போகும். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் எந்த பெட்ரோல் பங்கில் கழிவறை திறந்திருக்கும், எந்த ஓட்டல்காரர் மூஞ்சியைச் சுளிக்காமல் உள்ளே விடுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வகுப்பின் நடுவில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு ஓடுவான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திருதிருவென்று உட்கார்ந்திருப்பார்கள்.

குடல் டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். "உங்க உடம்போட காவல்காரனே உங்க குடலைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறான். அவனை வேலையை விட்டு எடுக்க முடியாது. சமாதானப்படுத்தி வெச்சுக்கணும். மாத்திரையை எந்த நாளும் நிறுத்தக் கூடாது."

சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கியவள் கோகிலாதான். அன்றிலிருந்து அந்தக் காவல்காரனைச் சமாதானப்படுத்துவது அவள் வேலையாயிற்று. கடலை எண்ணெயா நல்லெண்ணெயா, எந்தக் காயில் விதை எடுக்க வேண்டும், எந்த மாசத்தில் பால் ஆகாது, எல்லாம் அவள் சொல்வதுதான் சட்டம். காலையில் தினசரிக் காலண்டரில் தேதித் தாளைக் கிழிப்பாள். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் அச்சடித்த அந்தத் தாளில் மாத்திரைகளை வைத்து, விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்து, அவன் சட்டைப்பையில் தன் கையாலேயே போடுவாள். டிபன் முடித்து, வெளியில் போய் டீ குடித்ததும் அவன் போட்டுக்கொள்வான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவன் ஓட்டுவான். அவள் இடப்பக்கத்து முன்சீட்டில். "பிரேக் மேல கால் வெச்சுடப் போற" என்பான். அவள் இரண்டு காலையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, கோழி மாதிரி ஒடுங்கி உட்காருவாள். அந்த ஒடுக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

*

ஜாபர் வந்தது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் நாளில்.

அந்தச் சோதனைக்கு முன்னால் வயிற்றைக் கழுவ ஒரு பெரிய பாட்டில் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். கோகிலா சீட்டு வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், பெஞ்சில் சிட்டிபாபு பக்கத்தில் இன்னொருவன். நெட்டையான ஆள், குறுந்தாடி. கையில் அதே பாட்டில். இருவரும் கல்யாண வீட்டில் கூல்டிரிங்ஸ் குடிப்பதுபோலப் பாட்டிலை இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணத்துக்குப் போனா எல்லாரும் பொண்ணு எங்கன்னு பாப்பான் மச்சான். நானு பாத்ரூம் எங்கன்னு பாப்பேன்."

"நானு அதுக்கும் மேல பாய். மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்துடுவேன்."

சிட்டிபாபு தொடையில் தட்டிச் சிரித்தான். ஒன்பது வருஷத்தில் அந்த நோயை வைத்து அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவள் வந்து நின்றதும் சிரிப்பு நின்றது.

"என் வூட்டம்மா" என்றான். அவ்வளவுதான்.

ஜாபர் எழுந்து நின்று, "வாங்க தங்கச்சி" என்று இடம் விட்டான். வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி கார் ஏ.சி. மெக்கானிக். மனைவி ஜஹீரா. அவனுக்கும் அதே நோய்தான். மரியாதையான மனுஷன். அதுதான் கோகிலாவுக்குப் பேஜாராக இருந்தது. கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் வெறுப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் போன். சிட்டிபாபு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். துணி எடுக்கப் போகிற சாக்கில் கோகிலா படியில் நின்று கேட்பாள். எத்தனை தடவை, என்ன நிறம், எந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறது, எல்லாவற்றையும் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல ஜாபரிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அதே விஷயத்தை அவள் கேட்டால் ஒரே வார்த்தை, "பரவால்ல."

"எனக்கு ஒரு பரவால்ல. பாய்க்கு மட்டும் அரை மணி நேரமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அவனுக்கும் கீதும்மே. அவனுக்குச் சொன்னா புரியும். உனுக்கு இன்னா தெரியும்?"

உனுக்கு இன்னா தெரியும். கிரைண்டரில் உளுந்து பொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிக்க மறந்து நின்றாள். நோயில்லாத தன் வயிற்றின் மேலேயே அவளுக்கு அன்றைக்குக் கோபம் வந்தது.

*

ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போகக் காரில் ஏறினாள். அவள் சீட்டு பின்னுக்குத் தள்ளியிருந்தது. காலை நீட்டினால் பிரேக் எட்டவில்லை. ஒடுங்க வேண்டிய அவசியமே இல்லாமல் முன்னால் அவ்வளவு இடம்.

"யார் உக்காந்தது இங்க?"

"ஜாபர்தான். சேலையூர்ல ஒரு டாக்டரம்மாவப் பாக்கப் போனோம். சித்த வைத்தியம்."

ஒன்பது வருஷத்தில் அவள் இல்லாமல் அவன் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை. குனிந்து, சீட்டுக்கடியில் இருந்த கம்பியைப் பிடித்து இழுத்து, சீட்டை முன்னுக்குக் கொண்டுவந்தாள். கோயில் வரும்வரை அந்த நெட்டைக் கால்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பையிலிருந்து ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலை எடுத்தான். மூடியிலேயே சொட்டு விடும் குழாய். நாக்குக்கடியில் சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடினான். காய்ந்த புல்லைக் கசக்கியதுபோல ஒரு வாசம்.

"இன்னாது இது?"

"விஜயா எண்ணெய்."

"விஜயான்னா?"

"கஞ்சா இலை."

பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த கங்கையம்மாள் சத்தத்தைக் குறைத்தாள்.

"கஞ்சாவா? நம்ம வூட்லயா? போலீஸ் வந்து அள்ளிக்கினு போறதுக்கா?" என்றாள் கோகிலா.

"கத்தாதே. இலைக்கு பர்மிஷன் கீது. டாக்டரம்மா சீட்டு எழுதித்தான் குடுத்துக்கீறாங்க. சீட்ட எப்பவும் கூடவே வெச்சிருக்கச் சொன்னாங்க. ராத்திரி மட்டும்தான். போட்டுக்கினா விடியற வரைக்கும் ஸ்டியரிங் தொடக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க. நாளையிலிருந்து மொத கிளாஸ எட்டு மணிக்கு மாத்திட்டேன்."

"ஆறு மணி கிளாஸ மாத்தச் சொல்லி நானு எத்தினி வருசமாச் சொல்றேன்? உன் உடம்பு தூங்கணும்னு?"

அவன் பாட்டிலை இறுக மூடினான். சொன்னவள் அவள், கேட்டது பாட்டில் பேச்சை.

*

எண்ணெய் வேலை செய்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. முதல் வாரமே அவன் விடியும்வரை புரளாமல் தூங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிற பழக்கம் போயிற்று. பசி எடுத்தது. "இன்னொரு தோசை போடு" என்றான். அந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. போட்டாள். தோசை தானாகத் திரும்பியது. அவள் மனசுதான் திரும்பவில்லை. அவன் சாப்பிடச் சாப்பிடச் சந்தோஷமும் பொறாமையும் ஒரே கரண்டியில் அவள் நெஞ்சுக்குள் விழுந்தன. எத்தனை கஞ்சி, எத்தனை மோர், எத்தனை பயத்தங்கஞ்சி! அதெல்லாம் செய்யாததை ஒரு சொட்டு செய்துவிட்டதே.

வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் உதயா போனில் சொன்னாள்: "அப்பா குரலே மாறிடுச்சும்மா. ஜாபர் அங்கிளுக்கு என் சார்பா தேங்க்ஸ் சொல்லு."

கங்கையம்மாள் நேரிலேயே சொன்னாள். "என் புள்ளைய மோர்சாதத்தப் போட்டுப் போட்டே ஊமையாக்கி வெச்சிருந்த. அந்த பாய் ஒரு சொட்டுல எழுப்பி உட்டான் பாத்தியா!"

"ஆமா அத்த. நானு கொல்லத்தான் சமைச்சேன்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

பாட்டிலை அவன் சாமி மாடத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தான். வெளிச்சம் படக் கூடாதாம். துடைக்கிற சாக்கில் அவள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒருநாள் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கியும் பார்த்தாள். கசப்பு. இதில் அப்படி என்ன இருக்கிறது? தன்னிடம் இல்லாதது அப்படி என்ன?

ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும். ஒன்பது ஆடியாகச் சிட்டிபாபு அந்தப் பக்கமே போனதில்லை, அவள் விட்டதில்லை. இந்த வருஷம் ஊர்க்காரர்களோடு நின்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு, மீசையில் கூழோடு வீட்டுக்கு வந்தான். "ஒண்ணும் பண்ணல கோகிலா! ஒண்ணுமே பண்ணல! ஜாபருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவன் அழுதுட்டான் தெரியுமா?"

முதலில் சொன்னது ஜாபரிடம். வழியிலேயே போட்டிருக்கிறான் போனை. வீடு வரும்வரை பொறுக்கவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். "உனக்கு ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இங்கிலீஷ் மருந்தும் நாட்டு மருந்தும் ஒண்ணா உள்ள போகக் கூடாது. எங்க ஊர்ல ஒருத்தரு அப்பிடித்தான் ரெண்டையும் சேத்துத் துன்னு, குடலு வெந்து போய் செத்தாரு. நாட்டு மருந்துக்குப் பத்தியம் கீது. ரெண்டையும் கலந்தா எதுக்கும் நானு பொறுப்பில்ல. ஒண்ணு அது. இல்ல இது. ஏதாவது ஒண்ணு வெச்சுக்கோ."

அப்படி யாரும் அவள் ஊரில் செத்ததில்லை. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது ஊரெல்லாம் சொல்கிற பேச்சு. செத்தவரை மட்டும் அவள் அந்த நிமிஷத்தில் உண்டாக்கினாள். மாத்திரை அவளுடையது. அவள் மடித்துக் கொடுப்பது. ஒன்பது வருஷப் பழக்கத்தை எவனாவது விடுவானா? எண்ணெயைத்தான் விடுவான் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

சிட்டிபாபு அவளைப் பார்த்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாளும் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வாங்கிக்கொண்டான். அன்று ராத்திரியும் பாட்டிலைத் திறந்தான். ஆக, இரண்டையும் சாப்பிடுகிறான். அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

*

மீலாது நபி விடுமுறைக்கு ஜாபர் விருந்துக்கு அழைத்தான். கோகிலா வர மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். வராமல் இருந்தால் இவர்கள் இருவரும் அங்கே எப்படி உட்கார்ந்து சிரிப்பார்கள் என்று பார்க்க முடியாதே. அதனால் போனாள்.

கூடத்தில் விரிப்புப் போட்டுப் பெரிய தட்டில் பிரியாணி. சிட்டிபாபுவும் ஜாபரும் ஒரே தட்டில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஜாபர் தன் பக்கத்திலிருந்த நல்ல கறித்துண்டுகளை எல்லாம் சிட்டிபாபு பக்கம் தள்ளினான்.

"துன்னு மச்சான். வலிச்சா என்னைத் திட்டு."

"வலியா? அது எங்க கீதுன்னே தெரியல பாய்."

கோகிலா தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. சிட்டிபாபு குனிந்து எழுந்தபோது பெல்ட்டின் நுனி இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் வரை போயிருந்ததைப் பார்த்தாள். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. இவ்வளவு சாப்பிடுகிறான், எங்கே போகிறது? சிரிக்கும்போது கீழ் இமைக்குள் வெளுப்பு. ரத்தம் இறங்கினால் வரும் அந்த வெளுப்பு அவளுக்குத் தெரியும். காலையில் தாழ்ப்பாளும் ரொம்ப நாளாக டக்கென்றுதான் விழுகிறது. காதில் விழுந்தது, ஆனால் வலியில்லை என்று அவனே சொல்லும்போது, நம் வயிற்றெரிச்சல்தான் இப்படிக் கேட்கிறது என்று தன்னையே அடக்கிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஜஹீரா ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரைகளைக் கொண்டுவந்து ஜாபர் கையில் கொட்டினாள். கோகிலா மாதிரியேதான். ஆனால் இவள் நின்று, அவன் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சமையலறையில் கோகிலா மெல்லக் கேட்டாள். "ஏன் ஜஹீரா, அண்ணா எண்ணெயும் போடறாரு, மாத்திரையும் போடறாரா?"

"போடாம? டாக்டரம்மா அதத்தானே மொத சொன்னாங்க. எண்ணெய் வலிக்கும் தூக்கத்துக்கும்தான், புண்ண ஆத்தறது மாத்திரைதான், அத ஒருநாளும் நிறுத்தக் கூடாதுன்னு. உங்க வூட்டுக்காரரும் கூடத்தானே உக்காந்திருந்தாரு அக்கா. சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றாள் கோகிலா.

கை கழுவிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வாசலில் நின்ற காருக்குப் போனாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. முன்கதவைத் திறந்தாள். வரும்போது ஜாபர் ஊர்முனைக்கு வந்து ஏறிக்கொண்டதால் அவள் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. சீட்டு மறுபடியும் பின்னுக்குப் போயிருந்தது. பழக்கம். குனிந்து கம்பியைப் பிடித்து இழுத்தாள். சீட்டு பாதியில் எதிலோ முட்டி நின்றது. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அவளுடைய மாவுப் பாக்கெட் பை ஒன்று, முடிச்சுப் போட்டு.

பிரித்தாள். உள்ளே அத்தனையும் காலண்டர் தாள் பொட்டலங்கள். அவள் மடித்த மடிப்புக் கலையாமல். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி. அடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். கூழ் ஊற்றியதற்கு மறுநாள்.

முதலில் வந்தது என்னவோ வெற்றிதான். அதை மறைக்க முடியாது. இந்தப் பையை அப்படியே கொண்டுபோய் அந்த பிரியாணித் தட்டில் கொட்ட வேண்டும். பாருங்கய்யா உங்க பாட்டிலோட லட்சணத்த. கால் இரண்டெட்டு வைத்தும் விட்டது. அப்புறம்தான் அந்தத் தேதி அவளைப் பிடித்து நிறுத்தியது. கூழுக்கு மறுநாள். ஒண்ணு அது, இல்ல இது.

அவள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தாளே, அவன் கேட்டிருக்கிறான். அப்படியே கேட்டிருக்கிறான். அவன் குடல் உள்ளே புண்ணாகிக்கொண்டிருப்பது எண்ணெயால் அல்ல. அவள் உண்டாக்கிய ஒரு செத்துப்போன ஆளால்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது தானே போய், ரெண்டையும் சேத்தே சாப்பிடலாம், நானு சொன்னது பொய் என்றால் நம்புவானா? எண்ணெயை நிறுத்த இவள் புதிதாக ஒரு வேலை பார்க்கிறாள் என்பான். பாட்டில் வந்ததிலிருந்து அவள் பேசியதெல்லாம் அப்படித்தானே இருந்தது. இந்த விஷயத்தில் அவன் காது கொடுக்கிற ஆள் ஒருவன்தான்.

அந்த ஒருவனைக் கூப்பிடுவதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஆனால் அந்தக் கீழிமை வெளுப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

"அண்ணா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

ஜாபர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பையை நீட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். செத்தவர் கதையையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கால்களைப் பார்த்துச் சொன்னாள்.

ஜாபர் பொட்டலங்களைப் பார்த்தான். "எதுக்குத் தங்கச்சி அப்பிடிச் சொன்னீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க" என்றாள். வேறு காரணம் அவளுக்கு வாயில் வரவில்லை.

அவன் பையோடு உள்ளே போனான். அவள் கதவோரம் நின்றாள்.

"மச்சான், வண்டில ஆயில் கீதா இல்லயான்னு எப்பிடிக் கண்டுபுடிப்ப?"

"டேஷ்போர்டுல ரெட் லைட் எரியும்."

"எரியலன்னா ஆயில் கீதுன்னு அர்த்தமா?"

"ஆமா."

"நானு அந்த பல்பக் கழட்டி உட்டுட்டேன்னு வெய்யி. அப்பவும்தான் எரியாது. இஞ்சின் இன்னா ஆவும்?" பையை விரிப்பில் வைத்தான். "உன் எண்ணெய் வலிங்கற பல்பத்தான்டா கழட்டும். ஆயில் இந்த மாத்திரைல கீது. டாக்டரம்மா சொல்லும்போது காதுல இன்னா வெச்சிருந்த?"

சிட்டிபாபு பையைப் பார்த்தான், பிறகு கதவோரம் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க. இவ வேற மாதிரி சொன்னா" என்றான். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க பாய். ஒன்பது வருசமா என் வயித்து விசயத்துல இவ சொன்னது ஒண்ணும் தப்பாப் போனதில்ல. அதான் மாத்திரைய நிறுத்தினேன். வலி இல்லாதது எண்ணெயிலதான், அத உட மனசு வரல. சொன்னா எண்ணெய நிறுத்துன்னு சண்டைக்கு வருவா, அதான் சொல்லல."

"சரி, நிறுத்தின. தூக்கிப் போட வேண்டியதுதானே, எதுக்கு சீட்டுக்கடில சேத்து வெச்சிருக்க?"

"அவ மடிச்சுக் குடுத்தது பாய். எப்பிடித் தூக்கிப் போடறது?"

ஜஹீரா கோகிலாவின் தோளைத் தொட்டாள். கோகிலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், கழுவிவைத்த தட்டுகளையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

*

மறுநாளே ஆஸ்பத்திரி. மூன்று பேரும் போனார்கள். போகும்போது ஜாபர் வழியில் ஏறி, வழக்கம்போல முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டான். பின்சீட்டுக்கு மாறிய கோகிலா வழியெல்லாம், சிட்டிபாபு தோள்மேல் கிடந்த அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நேற்று அவ்வளவு கேட்ட பிறகும் அந்தக் கை அவளை உறுத்தியது. பொறாமை அப்படியெல்லாம் ஒரு நாளில் செத்துப்போகாது போலிருக்கிறது.

குடல் டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், எடை பார்த்தார், ரத்தம் எடுத்தார். ரிசல்ட் வந்ததும் நன்றாகத் திட்டினார். ரத்தம் இறங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா படுக்கையில போட்டிருப்பேன். வலி இல்லைன்னா நோய் இல்லைன்னு யார் சொன்னது?" கொஞ்ச நாளைக்கு முகம் ஊதவைக்கிற மாத்திரையும் சேர்த்து எழுதினார். பழைய மாத்திரை இன்றே ஆரம்பிக்க வேண்டும். எண்ணெய் வேண்டுமானால் ராத்திரி இருக்கட்டும், அந்தச் சித்த டாக்டரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். எதையும் தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, கூட்டக் கூடாது. சொல்லி முடித்துவிட்டு, "யாரும்மா வீட்ல பாத்துக்கிறது?" என்றார்.

"நானு" என்றான் ஜாபர் வேடிக்கையாக.

"நான்" என்றாள் கோகிலா. வேடிக்கையாக அல்ல.

டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கோகிலாவிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் அவள் கிட்டத்தட்ட ஓடினாள். வழியில் கழன்ற செருப்பைக்கூட, முன்கதவைத் திறந்து தன் பையைச் சீட்டில் போட்ட பிறகுதான் திரும்பிப் போய் எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜாபர் கதவருகில் வந்து நின்றான்.

"அண்ணா, அது என் சீட்டு."

"தாராளமா தங்கச்சி" என்று அவன் பின்னால் மடங்கி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் தாடையை இடித்தன. அவளுக்கு அது ஒரு நிமிஷம் திருப்தியாக இருந்தது.

குனிந்து கம்பியைப் பிடித்தாள். சீட்டு எதிலும் முட்டாமல் முன்னால் வந்தது. போதும் என்ற இடத்துக்கும் கொஞ்சம் மேலேயே இழுத்துக்கொண்டாள். சிட்டிபாபு பார்த்தான்.

"பிரேக் மேல கால் வெச்சுடப் போற."

இந்த முறை அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் மெல்ல நகர்ந்து, வாசல் வேகத்தடையை நெருங்கியது. பின்னாலிருந்து ஜாபர் என்னவோ சொன்னான். சிட்டிபாபு கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தான். கோகிலா தன் காலடியில் இருந்ததை ஒரு மிதி மிதித்தாள்.

வண்டி குலுங்கி நின்றது. ஜாபரின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. வாசல் செக்யூரிட்டி விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

"ஏய், இன்னாமே பண்ற?"

"ஒண்ணுமில்ல" என்றாள் கோகிலவாணி. "புடிக்குதான்னு பாத்தேன்."

"புடிக்குது தங்கச்சி" என்றான் ஜாபர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. "நல்லாவே புடிக்குது."